ஓடை வழியே ஒரு காடு

மேல்பட்டாம்பாக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெண்ணையாற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணல்வெளி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதே ஆறு வேறு முகம் காட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. புதுவையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் பெண்ணைக் கரை ஊர்கள் பல வெள்ளத்தில் மிதந்தன.

அந்த வெள்ளத்தின் நிறம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தெளிந்த நீரின் நிறமன்று, காவி நிறம். அந்நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து ஒரு நாள் அசையாமல் வைத்தால் மேலே நீர் தெளியும். அடியில் வண்டல் படியும். அந்த வண்டல் யாருடைய நிலம்? எங்கோ ஓர் உழவரின் வயலில் நேற்றுவரை இருந்த மேல்மண் அல்லவா அது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அந்த நிலத்தின்மீது விழுந்த மழையில் 5 செ.மீ. அளவு நீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடியதாக வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு 500 கன மீட்டர். அதாவது 5,00,000 லிட்டர். லிட்டருக்கு 5 கிராம் மண் கரைந்திருந்தால், போன மண் 2,500 கிலோ. இதை நிலத்தின் பரப்பில் பரப்பிப் பார்த்தால் ஏறத்தாழ 0.2 மி.மீ. கனம்தான் வரும். கண்ணுக்கே தெரியாத இழப்பு! ஆனால் இப்படி 50 மழை பெய்தால் 1 செ.மீ. மண் போய்விடும். பாறை சிதைந்து, மட்கு கலந்து, 1 செ.மீ. நல்ல மண் உருவாக நூறாண்டுகளுக்கு மேலும் ஆகும். வரவு நத்தை நடை. செலவு குதிரை ஓட்டம்.

இந்தச் செலவை நிறுத்த முடியுமா? போன காட்டைத் திரும்ப அழைக்க முடியுமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வடகிழக்கே, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. அங்கே ஆரோவில் என்னும் குடியிருப்பும் அதைச் சுற்றிப் பல சிற்றூர்களும் உள்ளன. அம்மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓடைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக நடந்து பார்ப்போம்.

புறப்படும் முன்

மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்களே இந்நடைக்கு ஏற்றவை. காலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். கெட்டியான காலணி, குடிநீர், குறிப்பேடு, கைலென்ஸ், இரண்டு கண்ணாடிப் புட்டிகள், ஓர் அளவுநாடா ஆகியவை போதும். ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ உடன் வரவேண்டும். காட்டைப் பராமரிப்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மழை பெய்யும்போதோ, மேற்கே மேகம் கறுத்திருக்கும்போதோ ஓடைக்குள் இறங்கவே கூடாது. நீர் திடீரென வரும், செம்மண் சுவர்கள் சரியும். புற்றிலும் பொந்திலும் கைவிட வேண்டாம். விதை, இலை, கல் எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்ளுங்கள், பறித்துக்கொண்டு வராதீர்கள்.

முதல் நிறுத்தம்: செம்மண் சுவர்

கடற்கரையை ஒட்டியுள்ள பொம்மையார்பாளையத்தின் பின்புறமாக மேட்டை நோக்கி ஏறினால் ஆழமான செம்மண் பள்ளங்களைக் காண்கிறோம். இருபுறமும் சுவர்போல் மண் நிற்கிறது. சில இடங்களில் அதன் உயரம் ஆள் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு. சுவரில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கோடுகள். இவை மழைநீர் கீறிய கோடுகள்.

இந்தச் சுவரின் மண்ணையும் கல்லையும் உற்றுப் பாருங்கள். மணலும் களிமண்ணும் கூழாங்கற்களும் கலந்திருக்கின்றன. நிலவியலார் இதைக் 'கடலூர் மணற்கல்' என அழைக்கின்றனர். ஆம், நம் மாவட்டத் தலைநகரின் பெயரேதான்! கடலூருக்கு அருகே உள்ள கேப்பர் மலையும் இதே அடுக்கைச் சேர்ந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் இதே அடுக்குதான். பண்டைக்காலத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி இப்படி ஆயிற்று. இதே அடுக்கில்தான் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடைக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னரா 1781-இல் அவற்றைப் பற்றி எழுதினார். அம்மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றில் கிளைகளோ பட்டையோ வேர்களோ இல்லை. இதிலிருந்து அவை நின்ற இடத்திலேயே புதையவில்லை, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்தன என்று அறிகிறோம். வெள்ளம் மரத்தையும் மண்ணையும் சுமந்து செல்வது அன்றும் இருந்திருக்கிறது!

மண் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதிலுள்ள இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி இரும்பு ஆக்சைடு ஆகிறது. மழையில் நனைந்த ஆணி துருப்பிடிப்பதும் இதே வினைதான். செம்மண் என்பது ஒருவகையில் துருப்பிடித்த மண்.

சரி, இந்தப் பள்ளங்கள் எப்படித் தோன்றின? இம்மேட்டில் ஒருகாலத்தில் அடர்ந்த காடு இருந்தது. கட்டடத்துக்கும் விறகுக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய புதர்களை ஆடுமாடுகள் மேய்ந்தன. மண்ணுக்குக் குடையாக இருந்த இலைகள் போயின; கம்பளமாக இருந்த சருகும் போயிற்று. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அந்த அடியில் மண்கட்டி உடைந்து, நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. பிறகு நீர் உள்ளே இறங்க வழியில்லை. அது மேலே ஓடுகிறது; ஓட ஓட வேகம் கூடுகிறது.

இங்கே ஓர் இயற்பியல் விதியை நினைவில் வையுங்கள். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது. அதாவது வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப அது பெருகுகிறது. வேகம் சற்றே கூடினாலும் அழிவு பன்மடங்காவது இதனால்தான். ஒரு சிறு கீறல் சில ஆண்டுகளில் பள்ளத்தாக்காகிவிடுகிறது.

இரண்டாம் நிறுத்தம்: ஓடும் நீரை நடக்க வைத்தல்

ஓடை வழியே மேலே நடக்கிறோம். குறுக்கே ஒரு சிறு தடுப்பணை வருகிறது. அதன் மேற்புறம் மணலும் வண்டலும் நிறைந்து தரை உயர்ந்திருக்கிறது. அதில் கோரையும் புல்லும் முளைத்திருக்கின்றன. இன்னும் மேலே போனால் மற்றொரு தடுப்பணை. ஓடையின் இருபுறமும் வயல்வெளிகளில் வளைந்து வளைந்து செல்லும் மண் வரப்புகள்.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இம்மேட்டின் பெரும்பகுதி மரமில்லாத செம்மண் பொட்டல். நடுவில் நின்ற ஆலமரம் ஒன்றும் ஊர்ப்பனைகளும் ஒழிய நிழல் அரிது. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் சுற்றுப்புற ஊர்மக்களும் சேர்ந்து மரம் நடத் தொடங்கினார்கள். மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய காலம் அது. ஆனால் விரைவிலேயே ஒன்று தெரிந்தது: மண்ணையும் நீரையும் முதலில் நிறுத்தாவிட்டால் நட்ட கன்று நிற்காது. எனவே நடுவதற்கு முன்னதாக வரப்புப் போட்டார்கள்.

இவ்வரப்புகள் நம் வயல் வரப்பைப் போல நேராக இல்லாததைக் கவனியுங்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துக்கொண்டு அவை போகின்றன. இவற்றைச் 'சம உயர வரப்பு' என்பர். சரிவில் இறங்கும் நீர் வரப்பில் முட்டி நிற்கிறது. நின்ற நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. வரப்பையும் மீறி வருவதை ஓடையிலுள்ள தடுப்பணை பிடித்துக்கொள்கிறது. நீரின் வேகம் பாதியானால் அதன் உருட்டும் ஆற்றல் 64-இல் ஒரு பங்காகக் குறையும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஆகவே சுமந்துவந்த மண்ணை அது அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது.

இதனால் வேறொரு நன்மையும் உண்டு. கடலூர் மணற்கல் அடுக்கு வெறும் கல்லன்று. நீர் நிறைந்த பஞ்சு போன்றது. புதுவை, கடலூர்ப் பகுதிகளின் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் நீர் தரும் முக்கிய நிலத்தடித் தொட்டி அது. கடலோரத்தில் இத்தொட்டியின் நீர் மட்டம் தாழ்ந்தால் கடல்நீர் உள்ளே புகும். உப்பு ஏறிய கிணற்றை மீட்பது எளிதன்று. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 செ.மீ. மழைநீரை நிறுத்தினால் 1,00,000 லிட்டர் கிடைக்கும். வரப்பு எடுத்தவர்கள் மண்ணை மட்டும் காக்கவில்லை, கிணற்றையும் காத்தார்கள்.

மூன்றாம் நிறுத்தம்: தாதி மரங்கள்

மேலும் சிறிது தொலைவில் ஒரே வகையான மரங்கள் நிற்கின்றன. இலைகள் வளைந்த கத்தியைப் போல் இருக்கின்றன. இதனால் இம்மரத்தைக் 'கத்திச் சவுக்கு' என்பார்கள். அகேசியா இனத்தைச் சேர்ந்த இதன் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினியாவும்.

நாம் இலை என்று பார்ப்பது உண்மையில் இலையன்று, தட்டையாகிவிட்ட இலைக்காம்பு! ஐயமாக இருந்தால் மரத்தடியில் முளைத்துள்ள சிறு கன்றைப் பாருங்கள். அதன் முதல் இலைகள் வேல மரத்து இலைபோலச் சிறகு சிறகாகப் பிரிந்திருக்கும். அடுத்தடுத்த இலைகளில் காம்பு அகன்றுகொண்டே வரும். கடைசியில் காம்பே இலையின் வேலையை ஏற்றுக்கொள்ளும். கெட்டியான இக்காம்பு வறட்சியைத் தாங்கும்.

வெளிநாட்டு மரத்தை ஏன் நட்டார்கள்? பொட்டலில் வெயிலும் காற்றும் கடுமை. மண்ணில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. கருங்காலிக் கன்றையோ மகிழங்கன்றையோ அங்கே நட்டால் பெரும்பாலும் கருகிவிடும். கத்திச் சவுக்கின் வேர்களிலோ அவரை, நிலக்கடலை வேர்களில் இருப்பதைப் போன்ற முடிச்சுகள் உள்ளன. அம்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. மரம் விரைவாக வளர்கிறது, நிழல் தருகிறது, சருகு உதிர்க்கிறது. அந்நிழலில் உள்ளூர் மரக்கன்றுகள் தலையெடுக்கின்றன. நோயாளியைத் தேற்றும் தாதியைப் போல இருப்பதால் இவற்றைத் 'தாதி மரங்கள்' எனலாம்.

ஆனால் தாதி வீட்டுக்காரி ஆகிவிடக் கூடாது! கத்திச் சவுக்கு ஏராளமாக விதை தரும்; தானே முளைத்துப் பரவும். அதன் கெட்டியான சருகு மெதுவாகத்தான் மட்கும். எனவே உள்ளூர் மரங்கள் வளர வளர, தாதி மரங்களைச் சிறிது சிறிதாக வெட்டி வெளிச்சம் விட வேண்டும். வெட்டிய மரம் விறகாகவும் கட்டுமானத்துக்கும் பயன்படுகிறது.

நான்காம் நிறுத்தம்: வறட்சியிலும் பசுமை

இப்போது ஓடையின் மேற்பகுதிக்கு வந்துவிட்டோம். வெளிச்சம் குறைகிறது, காற்றில் குளிர்ச்சி. மரங்கள் மிக உயரமில்லை. பெரும்பாலும் இரண்டு மாடி வீட்டு உயரந்தான். ஆனால் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின்மேல் கொடிகள் ஏறிப் பின்னியிருக்கின்றன. இதுவே நம் கடற்கரையின் சொந்தக் காடு. தாவரவியலார் இதை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்பர்.

பெயரிலேயே ஒரு புதிர் இருப்பதைக் கண்டீர்களா? 'பசுமைமாறாக் காடு' என்றால் குற்றாலத்து மேல்மலைகளும் ஆனைமலையும் நினைவுக்கு வரும். அங்கே மழை அதிகம். இங்கேயோ ஆண்டுக்கு ஏறக்குறைய 120 செ.மீ. மழை, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு நீண்ட வறட்சி. வறண்ட இடத்து மரங்கள் இலையுதிர்த்து நீரை மிச்சப்படுத்துவதே வழக்கம். இம்மரங்கள் மட்டும் ஏன் உதிர்ப்பதில்லை?

ஓர் இலையைக் கையால் தடவிப் பாருங்கள். தோல்போல் தடித்து, மேற்பரப்பு மெழுகு பூசியது போல் பளபளக்கிறது. இந்த மெழுகுப் பூச்சு நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. வெயில் ஏறும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. வேர்கள் ஆழமாகச் செல்கின்றன. இப்படித் தடித்த இலையைச் செய்ய மரத்துக்குச் செலவு அதிகம். ஆனால் அவ்விலை நெடுநாள் உழைக்கும். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தாலும் இம்மரம் உடனே உணவு தயாரிக்கத் தொடங்கிவிடும். இலையுதிர்த்த மரமோ முதலில் தளிர்விட வேண்டும். மழை எப்போது வரும் என்று உறுதியில்லாத கரையில், கடையைத் திறந்தே வைத்திருப்பவனுக்கு ஒரு லாபம் உண்டல்லவா?

இங்குள்ள மரங்களில் சிலவற்றின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீரை, பாலை, காசா, கருங்காலி, மகிழம், நாவல். புதர்களில் காரை, களா. கொடிகளில் சூரை, ஆதொண்டை. கடல் கடந்து இலங்கையின் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றாலும் இதே பாலையையும் வீரையையும் காணலாம். சிங்கள மொழியிலும் இவற்றின் பெயர்கள் 'பலு', 'வீர' என்பவையே.

விதை எங்கிருந்து வந்தது?

நல்ல மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: 'காடே அழிந்துவிட்டது என்றீர்கள். அப்படியானால் இம்மரங்களுக்கு விதை எங்கே கிடைத்தது?'

விடை கோயில் காடுகளில் இருக்கிறது. ஐயனார், காளி, மாரியம்மன் கோயில்களைச் சுற்றி ஊரார் தொடாமல் விட்டுவைத்த சிறு காடுகள் நம் கடற்கரையில் ஆங்காங்கே எஞ்சியுள்ளன. மரக்காணம் சாலையிலுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு அவற்றில் ஒன்று. மற்றொன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கெடிலக் கரையிலுள்ள திருமாணிக்குழியை நீங்கள் அறிவீர்கள். புதுவைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய இரண்டு இடங்களின் காடுகளிலும் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, அந்த ஆய்வை 1997-இல் வெளியிட்டார்கள். 'கோயில் கிளையை ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும்' என்று பாட்டி சொன்ன அச்சம், ஒரு விதை வங்கியைக் காப்பாற்றித் தந்திருக்கிறது!

இத்தகைய காடுகளிலிருந்து விதை சேகரித்து, நாற்றங்கால் போட்டு, கன்றுகளை மேட்டில் நட்டார்கள். வீரை, பாலை போன்றவற்றின் விதைகளை நெல்லைப் போலச் சாக்கில் கட்டி ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க இயலாது. காலத்தில் பொறுக்கி, காலத்தில் விதைக்க வேண்டும். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்பதை ஊர்ப் பெரியவர்களே சொல்லித்தந்தார்கள். இன்றுவரை ஆரோவில் பகுதியில் நடப்பட்ட மரங்கள் 20 இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது.

மனிதர் நட்டது ஒரு பங்குதான். பாதையோரத்தில் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். அதில் விதைகள் தெரிகின்றனவா? கொண்டைக்குருவி, மைனா, குயில், குக்குறுவான் ஆகியவை பழத்தைத் தின்று வேறிடத்தில் விதையைப் போடுகின்றன. இரவில் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் அதே பணியைச் செய்கின்றன. நரியும் பழம் தின்னும்! நட்ட காட்டில் நடாத மரம் ஒன்று முளைக்கும் நாளில்தான் 'இது இனித் தானே வாழும்' என்று சொல்ல முடியும். அத்தகைய கன்றுகளை எண்ணுவதே உங்கள் நடையின் முக்கியமான வேலை.

தானே புயல் வைத்த தேர்வு

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் அடியோடு சாய்ந்த கதையை உங்கள் வீட்டிலேயே கேட்டிருப்பீர்கள். பலா காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறையின் உழைப்பு சில மணி நேரத்தில் போயிற்று.

ஆரோவில் காட்டையும் அப்புயல் விடவில்லை. அங்கே விழுந்தவற்றில் மிகுதியானவை கத்திச் சவுக்கு போன்ற விரைவாக வளரும் மரங்கள். உள்ளூர் மரங்கள் பல கிளை முறிந்தாலும் வேரோடு சாயாமல் நின்றன. இதற்குக் காரணம் என்ன? விரைவாக வளரும் மரத்தின் கட்டை வலுக்குறைவானது, உயரம் மிகுதி. மெல்ல வளரும் வீரையும் கருங்காலியும் குட்டை, கட்டை கெட்டி, வேர் ஆழம். புயல் அடிக்கடி வரும் கரையிலேயே பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து தேறியவை அவை. தாதி மரங்கள் விழுந்த இடங்களில் வெயில் பட்டதும், அடியில் காத்திருந்த உள்ளூர்க் கன்றுகள் விரைந்து எழுந்தன. அழிவிலும் ஒரு படி ஏற்றம்!

உலகின் மறுகோடியில்

இதே பாடத்தை நியூசிலாந்திலும் காண்கிறோம். அங்கே பேங்க்ஸ் தீபகற்பத்தில் ஹினவாய் என்ற காப்பிடம் 1987-இல் தொடங்கப்பட்டது. அங்கே மேய்ச்சல் நிலங்களை 'கோர்ஸ்' என்னும் ஐரோப்பிய முட்புதர் மூடியிருந்தது. உழவர்கள் அதை வெட்டியும் கொளுத்தியும் அலுத்துப் போயிருந்தனர். ஹினவாயில் அதை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். ஆடுமாடுகளை மட்டும் வெளியேற்றினார்கள். முட்புதரின் நிழலில் உள்ளூர் மரங்கள் முளைத்து, அதைவிட உயர்ந்து, நிழலால் அதையே மடியச் செய்தன. இன்று அங்கே ஓடையோரப் பாதைகளில் மக்கள் காட்டினூடே நடக்கிறார்கள்.

அங்கும் தாதிச் செடி வெளிநாட்டதே. அங்கும் விதை தந்தவை எஞ்சிய சிறு காடுகளே. அங்கும் தூதர்கள் பறவைகளே. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே மண் போகவில்லை, மழையும் மிகுதி. எனவே கைகட்டிக் காத்திருந்தால் போதுமாயிருந்தது. இங்கே மண் ஓடிக்கொண்டிருந்தது. எனவே முதலில் வரப்பு, பிறகு தாதி, பிறகு காடு என்று படிப்படியாக உழைக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தது அதே காடா?

நேர்மையாகச் சொன்னால், இன்னும் இல்லை. 50 ஆண்டுக் காட்டில் முதிர்ந்த கருங்காலி இருக்காது. பழைய காட்டில் வாழ்ந்த பூச்சிகள், பூஞ்சைகள், மண்ணுயிர்கள் எல்லாம் திரும்பிவிட்டன என்று சொல்ல முடியாது. இருந்தாலும் ஓடை தெளிந்தது, மண் தங்கியது, பறவை வந்தது என்பவை கண்கூடு.

வளர்ந்த காட்டுக்கும் கவலை உண்டு. 50,000 பேர் வாழும் நகரமாகவே ஆரோவில் திட்டமிடப்பட்டது. 2021 டிசம்பரில் அந்நகரத் திட்டத்தின் சாலைக்காகக் காட்டில் மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அது 2022 ஏப்ரலில் ஆணை பிறப்பித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. மனிதர் நட்ட மரங்களைக் காடு எனக் கொள்ளலாமா, நகருக்கு எவ்வளவு இடம், காட்டுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்விகள் இவ்வழக்கில் எழுந்தன. இவை சட்டம் மட்டும் தீர்க்கும் கேள்விகளல்ல. நாளைக்கு வாக்களிக்கப் போகும் நீங்களும் இவற்றைச் சிந்திக்க வேண்டும். சாலையை வேறு வழியில் திருப்பலாம். நகரத்தைப் பத்தாண்டு கழித்தும் கட்டலாம். ஆனால் ஓடிப்போன மேல்மண்ணையும், கடைசித் தாய்மரம் போன பிறகு அதன் விதையையும் எங்கே போய் வாங்குவது?

செய்து பாருங்கள்

மூன்று தகர டப்பாக்களின் ஒரு பக்கத்தை வெட்டி, பெரியவர் உதவியுடன், சாய்வான தட்டுகளாக அமைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே அளவு மண் இடுங்கள். முதல் தட்டில் வெறும் மண். இரண்டாவதில் மண்ணின்மேல் சருகு. மூன்றாவதில் வேரோடு பெயர்த்துவைத்த புல். மூன்றையும் ஒரே அளவு சாய்த்து, ஒவ்வொன்றின் மீதும் பூவாளியால் 1 லிட்டர் நீர் ஊற்றுங்கள். வழிந்துவரும் நீரைத் தனித்தனிக் கண்ணாடிப் புட்டிகளில் பிடியுங்கள். எதில் நீர் முதலில் வருகிறது? எதில் அதிகம் வருகிறது? ஒரு நாள் கழித்து எதில் வண்டல் அதிகம்? பிறகு வெறும் மண் தட்டின் குறுக்கே களிமண்ணால் இரண்டு சிறு வரப்புகள் வைத்து மீண்டும் ஊற்றிப் பாருங்கள். இம்மேட்டில் 50 ஆண்டுகள் நடந்த வேலையின் சாரம் உங்கள் திண்ணையிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் ஒரு மழைக்குப் பின் ஓடைநீரை 1 லிட்டர் எடுத்து, வண்டலை உலர்த்தி எடை போடுங்கள். ஒரு ஹெக்டேரிலிருந்து எவ்வளவு மண் போயிருக்கும்?

2. உங்கள் ஊரின் ஐயனார் கோயில், ஏரிக்கரை, சுடுகாட்டுப் புறம் ஆகிய இடங்களில் எஞ்சியுள்ள உள்ளூர் மரங்கள் எவை? அவற்றின் பெயர்களை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். எந்த மாதத்தில் பழுக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

3. நீரின் வேகம் மூன்று மடங்கானால் அது உருட்டும் கல்லின் எடை எத்தனை மடங்காகும்?

மூன்றாம் கேள்விக்கு விடையைக் கணக்குப் போட்டால் கண்டுபிடித்துவிடலாம். முதல் கேள்விக்கு ஒரு மழையும் ஒரு புட்டியும் போதும். இரண்டாம் கேள்வியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அடுத்த பெண்ணை வெள்ளத்தில் உங்கள் ஊர் மண்ணை நிறுத்தப்போகும் மரத்தின் முகவரி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.